மரத்தில் போல்ட் படி வைத்து ஏறுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவர்களில் பலர் மரத்தில் ஏறி உட்கார்ந்துதான் காத்திருப்பார்கள். மரத்தில் கையால் துளை போட்டு, போல்ட்டைச் சொருகி, அதையே படியாக மிதித்து ஏறுகிறோம் என்று சொன்னதும் புதியவர்களுக்கு வரும் சந்தேகங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான். அவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன். சட்டம் பற்றிய கேள்விகள் பின்னால் வருகின்றன. அவற்றைப் படிக்காமல் டிரில்லைக் கையில் எடுக்க வேண்டாம்.

போல்ட் படின்னா என்ன? மரத்துல ஆணி அடிக்கிற மாதிரியா?

இல்லை. சுத்தியலுக்கே இங்கே வேலை கிடையாது. போல்ட்டின் பருமனுக்கு ஏற்ற துளையைக் கை டிரில்லால் போட்டு, போல்ட்டைக் கையால் உள்ளே தள்ளுவோம். பாதி மரத்துக்குள், பாதி வெளியே. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிதான் படி. இறங்கும்போது ஒவ்வொன்றாக உருவிக்கொண்டு வந்துவிடுவோம். மரத்தில் மிஞ்சுவது துளை மட்டும்.

ஏணி இருக்கு, நாடாப் பட்டை போட்டு மரத்தோட கட்டுற ஸ்டிக் (குட்டையான ஏணித் துண்டு) இருக்கு, திருகிப் போடுற படியும் இருக்கு. அப்புறம் இது எதுக்கு?

எடைதான் முதல் காரணம். 3/8 அங்குலப் பருமனும் 6 அங்குல நீளமும் உள்ள போல்ட் ஒன்று சுமார் 0.2 பவுண்டு இருக்கும். 12 போல்ட் எடுத்துப் போனால் இரண்டரை பவுண்டு. சாதாரண ஸ்டிக் நாலைச் சேர்த்துக் கட்டினால் இதைப் போல மூன்று மடங்காவது வரும். இருட்டில் ஒரு மைல் நடந்து போகிறவருக்கு அது பெரிய வித்தியாசம். போல்ட் பைக்குள் அடங்கிவிடும், கிளையில் மாட்டிச் சத்தம் போடாது.

திருகுப் படியை மரத்துக்குள் முறுக்கி ஏற்றத் தோள் வலிக்க உழைக்க வேண்டும், வைரம் பாய்ந்த மரத்தில் அது பாதியிலேயே நின்றுவிடும். ஆனால் இரண்டுமே மரத்தைத் துளைப்பவைதான். பட்டை போட்டுக் கட்டும் ஸ்டிக் மட்டுமே மரத்தைக் காயப்படுத்தாது. எடை உங்களுக்குப் பெரிய விஷயம் இல்லையென்றால் ஸ்டிக்கிலேயே இருந்துவிடுங்கள், அதில் எந்தக் குறையும் இல்லை.

கடையில எந்த போல்ட்டைக் கேட்டு வாங்கணும்?

அறுகோணத் தலை உள்ள, கிரேடு 8 போல்ட். தலையின் மேல் ஆறு கோடுகள் இருக்கும். மூன்று கோடுகள் இருந்தால் கிரேடு 5. கோடே இல்லாதது சாதாரண இரும்பு, அதைத் தொடவே வேண்டாம். தலை இருப்பதில் ஒரு நன்மை உண்டு: பூட்ஸ் வெளிப்பக்கமாக வழுக்கினால் அந்தத் தலை தடுக்கும்.

நீளம் முழுக்க மரை ஓடியிருக்கும் போல்ட்டை வாங்காதீர்கள். 3/8 அங்குல போல்ட்டில் மரையின் அடிப்பகுதி சுமார் 0.3 அங்குலம்தான். வளைவைத் தாங்கும் வலு விட்டத்தின் மும்மடியைப் பொறுத்தது என்பதால், மரை உள்ள இடத்தில் வலு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். 6 அங்குல போல்ட்டில் வழக்கமாக நுனியில் ஓர் அங்குலத்துக்குத்தான் மரை இருக்கும். அது துளையின் ஆழத்தில் போய் உட்கார்ந்துவிடும். பாரம் விழும் இடம் வழவழப்பான தண்டாகவே இருக்க வேண்டும்.

3/8 அங்குலம் விரலை விட ஒல்லியா இருக்கே, என் எடையைத் தாங்குமா?

எங்கே மிதிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். கிரேடு 8 எஃகு சதுர அங்குலத்துக்கு 1,30,000 பவுண்டு அழுத்தத்தில் நிரந்தரமாக வளையத் தொடங்கும். கிரேடு 5-க்கு அது 92,000. கட்டையிலிருந்து 2 அங்குலம் தள்ளிப் பாரம் விழுந்தால் கிரேடு 8 போல்ட் சுமார் 335 பவுண்டில் வளையத் தொடங்கும், கிரேடு 5 சுமார் 240-ல். அதே கால் 3 அங்குலம் தள்ளி விழுந்தால் 225, 160 என்று இறங்கிவிடும்.

இது அசையாமல் நிற்கும் பாரத்துக்கான கணக்கு. படியில் சட்டென்று முழு எடையையும் போட்டால், அந்த நொடியில் போல்ட்டுக்கு எடையைப் போல இரண்டு மடங்கு தெரியும். உடம்பு, உடை, பை எல்லாம் சேர்த்து 200 பவுண்டு வருகிறவர் போல்ட்டின் நுனியில் துள்ளி மிதித்தால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஆகவே பாதத்தை மரத்தோடு ஒட்டி வையுங்கள், பாரத்தை மெதுவாக மாற்றுங்கள். கனமான ஆள் என்றால் அரை அங்குல போல்ட்டுக்குப் போங்கள். அது 3/8-ஐப் போல இரண்டே கால் மடங்குக்கும் மேல் தாங்கும், சுமையும் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். கொஞ்சம் வளைந்த போல்ட்டையும் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

துளை எவ்வளவு ஆழம் போடணும்? நேரா போடணுமா, சாய்வா போடணுமா?

6 அங்குல போல்ட்டுக்கு 3 அங்குல ஆழம் வழக்கம். ஆனால் அந்த 3 அங்குலம் கட்டைக்குள் இருக்க வேண்டும். பட்டை எதையும் தாங்காது. சில முதிர்ந்த மரங்களில் பட்டையே ஓர் அங்குலம் இருக்கும். அங்கே 3 அங்குலம் துளைத்தால் கட்டைக்குள் போயிருப்பது 2 அங்குலம்தான். மேலே சொன்ன 2 அங்குலம், 3 அங்குலக் கணக்கும் கட்டையின் முகப்பிலிருந்துதான் தொடங்குகிறது. பட்டை தடித்த மரத்துக்கு ஓர் அங்குலம் நீளமான போல்ட்டாக எடுத்துக்கொள்ளுங்கள்.

துளை உள்ளே போகப் போகக் கீழ்நோக்கிச் சற்றே இறங்க வேண்டும். 10 டிகிரி போதும். அப்போது போல்ட்டின் தலை கொஞ்சம் மேலே தூக்கி நிற்கும். மிதிக்க மிதிக்க அது உள்ளேதான் போகும், வெளியே நழுவாது. கிடைமட்டமாகப் போட்ட துளை, பாரம் ஏறியதும் வாய் நசுங்கிப் போல்ட்டைக் கீழே சாய்த்துவிடும்.

பேட்டரி டிரில் இருக்கே, கையாலே சுத்தி ஏன் கஷ்டப்படணும்?

மான் காதுக்காக. அதிகாலையில் டிரில் மோட்டாரின் சத்தம் காட்டில் வெகுதூரம் போகும். கைப்பிடி வளைந்த பழைய தச்சு டிரில் அகர் பிட்டோடு (முறுக்கு வடிவத் துளைமுனையோடு) சுற்றும்போது முனகலாக ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அகர் பிட்டின் நுனியில் சிறு திருகு இருக்கிறது. அது மரத்தைப் பற்றித் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும், நீங்கள் நெஞ்சால் அழுத்த வேண்டியதில்லை. பிட் மழுங்கிவிட்டால் மட்டும் இந்த வேலை நரகம். சீசனுக்கு முன்னால் தீட்டி வையுங்கள்.

போல்ட்டுகள் ஒன்றோடு ஒன்று மோதும் சத்தம் டிரில் சத்தத்தை விட மோசம். துணிப்பையில் தனித்தனி அறை தைத்துப் போட்டுக்கொள்வது நல்லது.

எத்தனை போல்ட் வேணும்?

படிக்குப் படி 18 அங்குலம் வைத்து, இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் போனால், பாதம் 18 அடி உயரத்தில் நிற்க 12 போல்ட் ஆகும். மேலே போய்ச் சேணத்தில் (இடுப்பில் கட்டி, கயிற்றால் மரத்தோடு பிணைத்துக்கொள்ளும் இருக்கைப் பட்டையில்) சாய்ந்தபடி நிற்பதற்கு மரத்தைச் சுற்றி இன்னும் மூன்று நான்கு. கீழே விழுந்தால் மாற்றுவதற்கு இரண்டு. குட்டையானவர்கள் இடைவெளியை 16 ஆக்கிக்கொள்ளலாம். உயரமானவர்கள் 24 வரை நீட்டிப் போல்ட்டை மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள். குளிரில் விறைத்த காலோடு இருட்டில் இறங்கும்போது கீழ்ப்படியைத் தேடித் தடவ வேண்டிவரும். வேண்டாம்.

டிரில் சுத்த ரெண்டு கையும் வேணுமே, அப்ப மரத்தை எதால பிடிச்சுக்கிறது?

மின்கம்பம் ஏறுகிறவர்கள் கட்டுவது போன்ற இடுப்புக் கயிறு. ஹார்னஸின் (உடம்பில் கட்டும் பாதுகாப்புப் பட்டையின்) இடுப்பு வளையம் ஒன்றில் தொடங்கி, மரத்தைச் சுற்றி வந்து, மறுபக்க வளையத்தில் முடியும். தரையில் நிற்கும்போதே அதைப் போட்டுவிட வேண்டும். அதில் பின்னால் சாய்ந்தால் இரண்டு கையும் விடுபடும். இடுப்பு உயரத்தில் ஒரு துளை, மார்பு உயரத்தில் ஒரு துளை. இரண்டிலும் போல்ட்டைச் சொருகிவிட்டு, கயிற்றை மேலே தட்டிவிட்டு, இரண்டு படி ஏறுங்கள். மறுபடி அதே வேலை. முகத்துக்கு மேலே துளைக்காதீர்கள், தூள் கண்ணில் கொட்டும்.

நடுவில் கிளை குறுக்கிட்டால், இரண்டாவது கயிற்றைக் கிளைக்கு மேலே கட்டிய பிறகே முதல் கயிற்றை அவிழ்க்க வேண்டும்.

15 அடிதானே, ஹார்னஸ் கண்டிப்பா வேணுமா?

கண்டிப்பாக. 15 அடியிலிருந்து விழுகிற உடம்பு தரையைத் தொடும்போது மணிக்கு 20 மைலுக்கு மேல் வேகத்தில் இருக்கும். முதுகெலும்பு முறிய அது போதும். அமெரிக்க மான் வேட்டையில் மரத்திலிருந்து விழுவது துப்பாக்கி விபத்துக்கு இணையாகப் பேசப்படும் ஆபத்து.

போல்ட் ஏற்றத்துக்கு இன்னொரு ஆபத்து உண்டு. உங்களுக்குக் கீழே ஒரு டஜன் இரும்புத் தண்டுகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மரத்தை ஒட்டிச் சறுக்கினால் அவற்றின் மேல்தான் விழுவீர்கள். தொடை, இடுப்பு, தாடை எதில் வேண்டுமானாலும் குத்தும். எனவே தரையிலிருந்து ஏறித் திரும்பத் தரைக்கு வரும்வரை ஒரு நொடியும் கயிறு இல்லாமல் இருக்கக் கூடாது, கயிற்றில் தொய்வும் இருக்கக் கூடாது.

அந்தக் கயிறை ஒரு போல்ட்லயே மாட்டிக்கலாம்ல?

கூடவே கூடாது. போல்ட்டில் பாதத்தை வைக்கலாம், உயிரை மாட்டக் கூடாது. மேலே 335 பவுண்டு என்று பார்த்தோமே, அது நிதானமான பாரத்துக்கு. விழும் உடம்பை நிறுத்தும் கயிற்றில் அதைப் போலப் பல மடங்கு இழுப்பு வரும். கீழ்நோக்கித்தான் போல்ட் பிடித்திருக்கிறது. பக்கவாட்டிலோ வெளிநோக்கியோ இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும், ஏனென்றால் நாம் அதைக் கையால்தான் சொருகினோம். கயிறு எப்போதும் தண்டை முழுக்கச் சுற்றித்தான் இருக்க வேண்டும்.

எந்த மரத்துல ஏறலாம், எதுல கூடாது?

உயிருள்ள, நேரான, குறைந்தது 10 அங்குல விட்டமுள்ள மரம். ஓக், மேப்பிள், ஹிக்கரி எல்லாம் நன்றாகப் பிடிக்கும். ஆனால் பட்டை உரிந்து தொங்கும் ஷாக்பார்க் ஹிக்கரியில் இடுப்புக் கயிறு சிக்கும், உரசும் சத்தமும் வரும். பைன் போன்ற மென்மரங்களில் துளை வேகமாக விழும். அதே வேகத்தில் துளையின் வாயும் நசுங்கும். நசுங்கினால் பாரம் விழும் தூரம் கூடி, முன்பு போட்ட கணக்கு உங்களுக்குப் பாதகமாக மாறும். அங்கே 4 அங்குலம் துளையுங்கள்.

பட்ட மரத்தில் ஏறாதீர்கள். குறிப்பாக ஆஷ் மரம். 2002-ல் மிச்சிகனில் கண்டுபிடிக்கப்பட்ட எமரால்டு ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றிருக்கிறது. அப்படிச் செத்த ஆஷ் மிக விரைவில் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கம்பீரமாகவே நிற்கும்.

உள்ள உளுத்திருந்தா எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இந்த முறையில் எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். மரம் தன் உள்நிலையைத் துளைக்குத் துளை உங்களிடம் காட்டிவிடுகிறது. பிட்டை வெளியே இழுத்து அதில் ஒட்டியிருக்கும் சீவலைப் பாருங்கள். நல்ல மரத்தின் சீவல் வெளிர் நிறத்தில் சுருள் சுருளாக வரும், விரலால் நசுக்கினால் திமிறும், பச்சை மர வாசனை அடிக்கும். பழுப்பேறி, ஈரமாகி, விரலில் மாவாக உதிர்ந்தால், அல்லது புளித்த வாடை வந்தால் உள்ளே உளுத்துவிட்டது. பிட் திடீரென்று தடையே இல்லாமல் உள்ளே போனால் பொந்து. இரண்டில் எது நடந்தாலும் இறங்கிவிடுங்கள், வேறு மரம் பாருங்கள். அடுத்த துளை நன்றாக இருக்கும் என்று மேலே போவதில் அர்த்தமில்லை.

ஏறும் முன்பே அடிமரத்தில் காளான் முளைத்திருக்கிறதா, பட்டை பிளந்திருக்கிறதா என்று ஒருமுறை சுற்றி வந்து பாருங்கள்.

இத்தனை துளை போட்டா மரம் செத்துடாதா?

நல்ல ஆரோக்கியமான மரம் இதனால் சாவது அரிது. ஆனால் காயம் காயம்தான். அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1970-களில் விளக்கிக் காட்டியபடி, மரம் நம் தோலைப் போல் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை. காயப்பட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, மேலே புதுக் கட்டையை வளர்த்துக்கொள்கிறது. பழைய துளை உள்ளே அப்படியே இருக்கும். மேலும் கீழுமாகப் பரவுவதைத் தடுக்கும் சுவர்தான் இருப்பதிலேயே பலவீனமானது. அதனால் துளைக்கு மேலும் கீழும் நீளவாக்கில் கட்டை நிறம் மாறிப்போகும். ஒரே செங்குத்துக் கோட்டில் துளைகளை அடுக்காமல் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் போடச் சொல்வது இதற்காகத்தான்.

மேப்பிள் பாகு எடுப்பவர்கள் இதே அளவுத் துளையைத்தான், 5/16 அல்லது 7/16 அங்குலத்தில், ஆண்டுதோறும் போடுகிறார்கள். மரங்கள் பல பத்தாண்டுகள் தாக்குப்பிடிக்கின்றன. ஆனால் அவர்கள் ஆண்டுக்கு ஒன்றிரண்டு துளையோடு நிறுத்திக்கொள்வார்கள், நாம் ஒரே நாளில் 12 போடுகிறோம். மேற்கு ஆஸ்திரேலியாவின் பெம்பர்டன் அருகே, காட்டுத்தீயைக் கண்காணிக்க 1947-ல் 'கரி' (karri) என்ற யூகலிப்டஸ் வகை ராட்சத மரம் ஒன்றில் 150-க்கும் மேற்பட்ட முளைகளைத் துளையிட்டு அடித்தார்கள். க்ளோஸ்டர் மரம் என்று பெயர். அதன்பின் பல பத்தாண்டுகள் சுற்றுலா வந்தவர்கள் ஏறி இறங்கிய மரம் அது. பிர்ச், வில்லோ, பாப்ளர் போன்றவை சுவர் எழுப்புவதில் பலவீனமானவை. அவற்றை விட்டுவிடுங்கள்.

இறங்கும்போது துளையை மெழுகோ குச்சியோ வெச்சு அடைக்கணுமா?

வேண்டாம். அடைப்பு ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும், மரம் மூடிக்கொள்வதைத் தாமதப்படுத்தும். திறந்தே விடுங்கள். ஓக் மரத்துக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு, அது அடுத்த பதிலில்.

சீசன் தொடங்குறதுக்கு முன்னாடியே, ஜூன்ல போய்த் துளை போட்டு வெச்சுடலாமா?

ஓக்கில் செய்யாதீர்கள். ஓக் வாடல் நோய் என்ற பூஞ்சை நோய் இருக்கும் வடக்கு மாநிலங்களில், விஸ்கான்சின், மின்னசோட்டா, மிச்சிகன் போன்ற இடங்களில், ஏப்ரல் முதல் ஜூலை வரை ஓக்கைக் காயப்படுத்தவே வேண்டாம் என்பது வனத்துறைகளின் அறிவுரை. புதுக் காயத்தின் சாற்று வாசனைக்குச் சிறு வண்டுகள் வரும், அவற்றோடு பூஞ்சையும் வரும். செவ்வோக் வகை என்றால் சில வாரங்களிலேயே மரம் பட்டுப்போகும். பிறகு வேர்கள் வழியாகப் பக்கத்து ஓக்குகளுக்கும் பரவும். தவிர்க்கவே முடியாமல் அந்த மாதங்களில் துளை விழுந்துவிட்டால் உடனே பெயின்ட் பூசி மூடுங்கள். முன்கூட்டியே துளை போட விரும்பினால் மரம் உறங்கும் குளிர்காலத்தில் போடுங்கள்.

போல்ட்டை அங்கேயே விட்டுட்டு வந்தா என்ன? தினமும் கழட்டணுமா?

கழற்றத்தான் வேண்டும். விட்டுவிட்டால் வேறு யாராவது, சிறுவர்கள்கூட, கயிறு இல்லாமல் ஏறிப் பார்ப்பார்கள். நாளடைவில் மரம் இரும்பைச் சுற்றி வளர்ந்து விழுங்கிவிடும். பல ஆண்டுகள் கழித்து அறுவை மில்லில் ரம்பம் அதில் மோதினால் பல் தெறிக்கும், நிற்பவருக்கு அடிபடும். ஓக்கில் இன்னொன்றும் நடக்கும்: அதன் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து கட்டையில் கருநீலக் கறை நீளமாக இறங்கும்.

போன வருஷத் துளையையே திரும்பப் பயன்படுத்தலாமா?

அதே சீசனுக்குள் என்றால் சரி, போல்ட் ஆடாமல் இறுக்கமாக உட்கார்ந்தால் மட்டும். அடுத்த ஆண்டு பாதி வாய் மூடியிருக்கும். அதை மறுபடி துளைத்துத் திறப்பது மரம் கட்டிய சுவரை உடைப்பதுதான். நாலு அங்குலம் பக்கவாட்டில் தள்ளி, சற்று மேலோ கீழோ புதிதாகப் போடுங்கள். அதைவிட நல்லது வேறு மரம்.

அரசு நிலத்துல இதைச் செய்யலாமா?

பெரும்பாலும் முடியாது. தேசிய வனவிலங்குப் புகலிடங்களில், அமெரிக்க மத்திய அரசு விதித்தொகுப்பின் 50-ஆம் தலைப்பு, 32.2-ஆம் பிரிவின்படி, ஆணி, கம்பி, திருகு, போல்ட் எதைக்கொண்டும் மரத்தில் இருக்கையைப் பொருத்தக் கூடாது. வேட்டைக்காரரைத் தாங்குவதற்காக உலோகம் அடிக்கப்பட்ட மரத்திலிருந்து வேட்டையாடுவதும் தடை. தேசிய வனங்களில் அனுமதியின்றி மரத்தைச் சேதப்படுத்துவதே குற்றம். மிச்சிகன் பொது நிலத்தில் பட்டையைத் துளைக்கும் படிகளுக்கு இடமில்லை. மற்ற மாநிலங்கள் பலவற்றிலும் இதே போக்குதான். அந்தந்த ஆண்டு வேட்டை விதிப் புத்தகத்தைப் பாருங்கள். ஆகவே போல்ட் ஏற்றம் என்பது அடிப்படையில் தனியார் நிலத்துக்கானது, அதுவும் உரிமையாளர் சம்மதத்தோடு.

போல்ட்டை எடுத்துடறேன், துளை மட்டும்தானே. யாரோ விட்டுட்டுப் போன போல்ட்ல ஏறினா அதுவும் தப்பா?

இரண்டும் தப்புதான். சேதம் என்பது துளையே. போல்ட்டை எடுத்துவிட்டதால் துளை மறையாது. இரண்டாவதற்கு மேலே சொன்ன புகலிட விதியை மறுபடி படியுங்கள்: உலோகம் அடிக்கப்பட்ட மரத்திலிருந்து வேட்டையாடுவது தடை என்றுதான் இருக்கிறது, நீங்கள் அடித்தீர்களா என்று அது கேட்கவில்லை. சட்டத்தை ஒதுக்கிவைத்தாலும், எந்தத் தரத்து எஃகு, எத்தனை ஆழம், எத்தனை ஆண்டுத் துரு என்று தெரியாத போல்ட்டை மிதிக்க வேண்டிய அவசியம் உங்களுக்கு இல்லை.

நிலத்துக்காரர் வேட்டைக்குச் சரின்னு சொல்லிட்டாரு. துளைக்குத் தனியா கேட்கணுமா?

தனியாகக் கேளுங்கள், எந்த மரம் என்று கூட்டிப்போய்க் காட்டிக் கேளுங்கள். கட்டை வியாபாரத்தில் மரத்தின் மதிப்பில் பெரும்பகுதி அடித்தண்டில், முதல் 16 அடிக்குள் இருக்கிறது. நாம் துளைப்பது சரியாக அந்த இடத்தைத்தான். கறுப்பு வால்நட், வெள்ளை ஓக், செர்ரி போன்றவற்றின் நேரான தண்டு மெல்லிய வெனீர் பலகைக்காக நல்ல விலைக்குப் போகும். துளையும் நிறம் மாறிய கோடும் இருந்தால் வெனீருக்கு ஆகாது. அவர் பிள்ளைகளுக்காக வைத்திருக்கும் மரமாக இருக்கலாம். வளைந்த, கவை விழுந்த, விலை போகாத மரங்களை நீங்களே தேடிப் பிடித்துக் காட்டினால் பெரும்பாலானவர்கள் சம்மதிப்பார்கள். வேட்டைக்கும் அத்தகைய மரம்தான் நல்ல மறைவு தரும்.

எல்லாம் சரியா செஞ்சும் வழுக்கி, கயித்துல தொங்கிட்டா?

அசையாமல் தொங்குவதுதான் ஆபத்து. தொடைப் பட்டைகள் அழுத்த, ரத்தம் காலிலேயே தேங்கி, சில நிமிடங்களில் மயக்கம் வரலாம். காலை உதறிக்கொண்டே இருங்கள், மரத்தை உதைத்துத் தள்ளுங்கள். ஹார்னஸில் ஒரு கால்வளையக் கயிறு கட்டி வைத்திருந்தால் அதில் நின்று பாரத்தைக் குறைக்கலாம்.

இந்த முறையில் ஏறுகிறவருக்கு ஒரு கூடுதல் வசதி இருக்கிறது: தொங்குகிற இடத்திலேயே படி உண்டாக்கிக்கொள்ள முடியும். அதற்கு டிரில்லும் இரண்டு போல்ட்டும் முதுகுப்பையில் இல்லாமல் இடுப்பிலேயே, நாடா கட்டி, எந்தக் கைக்கும் எட்டும்படி இருக்க வேண்டும். மேலே போய் உட்கார்ந்த பிறகும் அவற்றைக் கழற்றி எங்கோ மாட்டிவைக்காதீர்கள். கைபேசியும் அப்படியே, மார்புப் பையில். எந்த மரத்தில் இருப்பீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குச் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.